ஒரு சென்டிஸ்டோக் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை, ஆய்வகத்தின் வெந்நீர்த் தொட்டி நாற்பது டிகிரியில் நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பழனியம்மாள் மேடத்தின் கணவர் தங்கவேல் ஐயா அழைத்தார். எப்போது அழைத்தாலும் முதலில் என் அப்பாவின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்பவர் அவர். அன்று கேட்கவில்லை. "உங்க மேடம் போயிட்டாங்க கண்ணு" என்றார். பிறகு, நான் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாது என்பதுபோல, "காலைலதான். கஷ்டப்படலை" என்று சேர்த்துக்கொண்டார்.

தொட்டிக்குள் கண்ணாடிக் குழாயில் ஒரு பேருந்து நிறுவனத்தின் எஞ்சின் எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது. மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு அது இறங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைத்தான் நான் அளக்க வேண்டும். எண்ணெய் கீழ்க்கோட்டைத் தாண்டிப் போனது. கையிலிருந்த கடிகாரத்தை நான் நிறுத்தவில்லை. அந்த அளவீட்டை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. பழனியம்மாள் மேடம் பக்கத்து நாற்காலியில் இருந்திருந்தால், யார் செத்தார்கள் என்று கேட்பதற்கு முன்பே, "இன்னொருக்கா எடு கண்ணு" என்றுதான் சொல்லியிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மைசூர் ஹெப்பால் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறிய எண்ணெய்ப் பரிசோதனை ஆய்வகத்தில் அவரும் நானும் ஒரே மேசையின் இரு பக்கங்களில் வேலை செய்தோம். அவருக்கு ஊர் ஹனூர்ப் பக்கம் கௌதள்ளி. வீட்டில் கொங்குச் சாயல் தமிழ், பள்ளியில் கன்னடம், கல்லூரியில் ஆங்கிலம் என்று படித்து வேதியியலில் முதுகலை முடித்தவர். என்னைவிட இருபத்தைந்து வயது பெரியவர். ஆனால் எங்கள் ஆய்வகத்தின் விதிப்படி அவர் போட்ட கணக்கை நான் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். நான் போட்டதை அவர். அந்த ஒரு விதிதான் எங்களைச் சமமாக்கியது. அதை அவர் மனதார அனுபவித்தார். என் கணக்கில் பிழை கண்டால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அவர் கணக்கில் நான் கண்டாலும் அவரேதான் தட்டுவார், எனக்குக் கூச்சம் என்பதால்.

எங்கள் வேலையைப் புரிந்துகொள்வது கடினமில்லை. ஒரு திரவம் தன் சொந்தக் கனத்தால் எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்பதற்கு ஒரு எண் உண்டு. தேன் மெதுவாக ஓடும், மண்ணெண்ணெய் விரைந்து ஓடும். அந்த எண்ணை இன்று உலகம் சென்டிஸ்டோக் என்ற அலகில் சொல்கிறது. ஆனால் பழைய இயந்திரங்களுக்கு அது தெரியாது. இங்கிலாந்திலிருந்து வந்தது ரெட்வுட் விநாடி என்று கேட்கும், அமெரிக்காவிலிருந்து வந்தது சேபோல்ட் விநாடி என்று கேட்கும், ஜெர்மனியிலிருந்து வந்தது எங்க்ளர் டிகிரி என்று கேட்கும். பெயிண்ட் கலப்பவர்கள் அடியில் துளையுள்ள ஒரு கிண்ணத்தை நிரப்பி அது காலியாகும் விநாடிகளைச் சொல்வார்கள். இவற்றை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும்படி எங்களிடம் வருவார்கள்.

மேடம் இந்த அலகுகளுக்கு உறவுமுறை வைத்திருந்தார். ரெட்வுட் பெரியப்பா, சேபோல்ட் சித்தப்பா, எங்க்ளர் மாமா. நான் சேர்ந்த முதல் வாரம், ஒரு அச்சகத்துக்காரர் பழைய இயந்திரத்தின் கையேட்டுடன் வந்து குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார். மேடம் அவருக்குத் தேநீர் வரவழைத்துவிட்டு, "பயப்படாதீங்க. எல்லாரும் ஒரே வூட்டு ஆளுங்கதான். என்ன, ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குப் புரியாது. நடுவுல உக்காந்து சொல்றதுக்குத்தான் நாங்க இருக்கறம்" என்றார். இதைக் கன்னடத்திலும் ஒருமுறை சொன்னார். அச்சகத்துக்காரருக்கு இரண்டுமே தேவைப்படவில்லை; அவர் உருது பேசுகிறவர். ஆனால் சிரித்துக்கொண்டே தேநீரைக் குடித்தார்.

அவரிடம் எந்த எண்ணைச் சொன்னாலும் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எந்தச் சூட்டுல?" எண்ணெய் சூடானால் நீர்த்துவிடும், குளிர்ந்தால் தடித்துவிடும். ஆகவே வெப்பநிலை சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது பாதி முகவரி சொல்வதைப் போல. அந்தக் கேள்வி ஆய்வகத்தைத் தாண்டிப் பரவியிருந்தது. ஆட்டோக்காரர் பத்து நிமிடத்தில் வருகிறேன் என்றால், "எந்தச் சூட்டுல?" எங்கள் மேலாளர் இந்த மாதம் வேலை குறைவு என்றால், "எந்தச் சூட்டுல சார்?" ஞாயிறு ஆராதனையில் தமிழ்ப் பிரசங்கம் அரை மணி நேரம்தான் என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் நானே கேட்டுக்கொண்டேன். அன்று அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

இப்படிப்பட்டவரே ஒரு நாள் சூட்டைத் தவறவிட்டார். ஒரு தொழிற்சாலை தன் பழைய கியர்பெட்டிக்கு எழுநூறு சேபோல்ட் விநாடி எண்ணெய் வேண்டும் என்று கேட்டிருந்தது. அது நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டில் அளந்த அளவு. மேடம் சென்டிஸ்டோக்குக்கு மாற்றிவிட்டு, பழக்கத்தில் பக்கத்தில் 'நாற்பது டிகிரி' என்று எழுதிவிட்டார். நூறு ஃபாரன்ஹீட் என்பது நாற்பது செல்சியஸுக்கு இரண்டு டிகிரிக்கு மேல் குறைவு. வாங்கி வைத்திருந்த நல்ல எண்ணெய் அந்த அறிக்கையின்படி நீர்த்ததாகத் தெரிந்து திருப்பி அனுப்பப்பட்டிருக்கும். நான் தாளைச் சத்தமில்லாமல் அவர் பக்கம் தள்ளி, அந்த இடத்தில் விரலை வைத்தேன். மேடம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மேசையைத் தட்ட ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை.

மறுநாள் ஒரு பெரிய பெட்டி மைசூர்பாகுடன் வந்தார். ஒவ்வொருவரிடமும் போய், "பழனியம்மா சூட்டை மறந்துட்டா. ஜெனி புடிச்சுட்டா. எடுத்துக்கங்க" என்று கொடுத்தார். தன் பிழைக்குத் தானே இனிப்பு வழங்கிய ஒரே மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன். நான் பேசுவதைவிடப் படிப்பது அதிகம். மதிய உணவு நேரத்தில் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொள்வேன். மற்றவர்கள் அதைத் திமிர் என்று நினைத்தபோது மேடம் மட்டும் எதிரே உட்கார்ந்து, எதுவும் கேட்காமல், தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி கூட்டை என் சாதத்தில் வைத்துவிட்டுத் தன் சாப்பாட்டைப் பார்ப்பார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கோடையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் சில வாரங்களில் ஓரளவு திரும்பிவிட்டன. பேச்சு குழறியது, அதுவும் மெல்லத் தெளிந்தது. விழுங்குவதுதான் திரும்பவில்லை. தொண்டை ஒரு கணம் தாமதமாக மூடிக்கொண்டது. அந்த ஒரு கணத்தில் தண்ணீர் போல வேகமாக ஓடுகிற எதுவும் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும், போனால் நிமோனியா. ஆகவே அவர் குடிக்கும் எல்லாவற்றிலும் ஒரு மாவுப்பொடியைக் கலந்து தடிமனாக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். தடித்த காப்பி, தடித்த மோர், தடித்த தண்ணீர். கரண்டியால் சாப்பிட வேண்டிய தண்ணீர்.

விழுங்கும் பயிற்சி கொடுக்க வந்தவர் சஹனா என்ற இளம் பெண். மாண்டியாவைச் சேர்ந்தவர், கன்னடம் மட்டும் பேசுவார். கலவையின் தடிமனைச் சோதிக்க அவர் ஒரு வழி காட்டிக்கொடுத்தார். ஊசியில்லாத சிரிஞ்சில் பத்து மில்லி நிரப்பி, அடியிலிருந்து விரலை எடுத்துப் பத்து விநாடி ஓடவிட்டு, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது. மிச்சத்தைப் பொறுத்து நிலை ஒன்று, நிலை இரண்டு என்று பெயர். மேடத்துக்கு நிலை இரண்டு.

அன்று மாலை எனக்குத் தங்கவேல் ஐயாவிடமிருந்து அழைப்பு. மேட்டகள்ளியில் உள்ள வீட்டுக்கு வரும்போது ஆய்வகத்திலிருந்து பெயிண்ட் கிண்ணத்தையும் நிறுத்துகடிகாரத்தையும் கொண்டுவர வேண்டுமாம். "ஏன்னு கேக்காதீங்க கண்ணு. படுத்தி எடுக்கறா" என்றார்.

பழைய கிண்ணம் ஒன்றைக் கழுவி எடுத்துப் போனேன். தலையணைகளில் சாய்ந்தபடி மேடம் வேலை வாங்கினார். தங்கவேல் ஐயா துளையை விரலால் அடைத்துக்கொள்ள, தடித்த மோரை ஊற்றி, விரலை எடுத்ததும் நான் நேரம் பார்த்தேன். மேடம் மனக்கணக்காகவே மாற்றிவிட்டார். நூற்றைம்பது சென்டிஸ்டோக்குக்குப் பக்கம். அதைக் கேட்டதும் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சர்க்கரை ஆலைகளின் கியர்பெட்டிகளுக்கு ஊற்றுகிற எண்ணெய் அதுதான்.

"பாரு கண்ணு, கௌதள்ளியில பொறந்து கியர் ஆயில் குடிக்கறேன்."

அவருடைய திட்டம் எளிமையானது. தண்ணீர் என்பது ஒரு சென்டிஸ்டோக். நூற்றைம்பதிலிருந்து வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒன்றை அடைந்துவிடலாம். எந்த வாரம் எவ்வளவு பொடி என்பதை நான் மாற்று வாய்பாடு கொண்டு கணக்கிட்டுத் தர வேண்டும். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பொடி போடாத, பச்சைத் தண்ணீர், ஒரு டம்ளர். பாயசம் வேண்டாம், காப்பிகூட வேண்டாம் என்றார்.

அடுத்த முறை சஹனா வந்தபோது அந்தக் கணக்கைப் பெருமையுடன் காட்டினோம். அவர் கிண்ணத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மேடம், இது ஆயில் அல்ல" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். எண்ணெய் கிண்ணத்தில் எப்படியோ அப்படியே குழாயிலும் நடந்துகொள்ளும். இந்த மாவுக் கலவை அப்படியில்லை. கலக்கினால் ஒரு விதம், பத்து நிமிடம் வைத்தால் இன்னொரு விதம், வாய்க்குள் எச்சில் பட்டால் முற்றிலும் வேறு. அதற்கு ஒரே எண் என்று எதுவும் கிடையாது. குறைப்பதா இல்லையா என்பதை உங்கள் தொண்டைதான் சொல்ல வேண்டும், உங்கள் வாய்பாடு அல்ல.

எண்ணெயை எண்ணெயாக மட்டுமே பார்த்துப் பழகிய இரண்டு பேர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. நான் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தேன். மேடம் இடக்கையால் கட்டிலின் விளிம்பைத் தட்டினார். ஒன்று, இரண்டு. "சரிதானே இவ சொல்றது" என்றார் என்னிடம், தமிழில். பிறகு சஹனாவிடம் கன்னடத்தில், பயிற்சி என்ன செய்ய வேண்டும், முதலிலிருந்து சொல்லம்மா என்றார்.

ஆனால் அந்த அமைதி நிலைக்கவில்லை. ஒரு மதியம் தங்கவேல் ஐயா மருந்து வாங்கப் போயிருந்தார். கடும் வெயில். மேடத்தின் உதடுகள் காய்ந்திருந்தன. நான் தடித்த தண்ணீரைக் கரண்டியில் எடுத்து நீட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக் குழாயைப் பார்த்தார்.

"ஒரே ஒரு வாய், ஜெனி. அவர் வரதுக்குள்ள."

முடியாது என்றேன்.

"நீ என்ற சிநேகிதியா, இல்ல அந்தச் சஹனா புள்ளையோட ஆளா?"

"இப்போதைக்கு அந்தப் புள்ளையோட ஆளுதான் மேடம்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தங்கவேல் ஐயா வந்ததும் நான் கிளம்பினேன். திரும்பி வரும்போது பேருந்தில் என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வெளியே எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த வாரம் நான் அவரை அழைக்கவில்லை, அவரும் அழைக்கவில்லை. பிறகு ஒரு குரல்செய்தி வந்தது. குழறல் குறைந்திருந்தது. "நான்தான். சும்னெ, காரணமே இல்லாம கோவிச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கெழம வா. நாங்க பண்ற கூத்தைப் பாக்கணும் நீயி."

கூத்துதான். மல்லாந்து படுத்துத் தோள் தரையில் இருக்கத் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்ப்பது சஹனா கொடுத்த பயிற்சிகளில் ஒன்று. தனியாகச் செய்யச் சலிப்பாக இருக்கிறது என்று மேடம் கணவரையும் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார். நான் உள்ளே போனபோது கூடத்தின் நடுவில் இருவரும் அருகருகே படுத்துக்கொண்டு தங்கள் கால்விரல்களை முறைத்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. "எந்திரிக்காதீங்க, இன்னும் முடியலை" என்று மேடம் கணவரை அதட்டினார். பாலை நான்தான் போய் இறக்கினேன். நாக்கைப் பல்லிடுக்கில் பிடித்துக்கொண்டு வெறும் எச்சிலை விழுங்கும் பயிற்சிக்கு அவர் வைத்த பெயர் 'கௌதள்ளி பஸ்', ஏறும்போது முக்கி முனகி, இறங்கும்போது ஒரே தாவாகத் தாவும் என்பதால். மழைக்காலம் முழுவதும் இது நடந்தது. நிலை இரண்டு நிலை ஒன்றானது. தங்கவேல் ஐயா அவர் குடிக்கும்போதெல்லாம் நேர் எதிரே உட்கார்ந்து, கழுத்து ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் விழுங்கும்போது இவர் தொண்டையும் சேர்ந்து விழுங்கும்.

தசராவுக்கு முன் ஒரு நாள், எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி விழுங்கும் சோதனை வைத்தார்கள். என்னையும் உடன் வரச் சொல்லியிருந்தார். வெள்ளை மருந்து கலந்த கலவைகள் ஒன்றொன்றாகச் சரியான வழியில் இறங்கின. திரையை அணைத்துவிட்டு, சஹனா ஒரு சிறிய கோப்பையில் வெறும் தண்ணீரைக் கொண்டுவந்து, மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி ஒரு மடக்கு மட்டும் குடிக்கச் சொன்னார். மேடம் கோப்பையை வாங்கினார். குடிக்கவில்லை. முகத்தை மிகத் தீவிரமாக வைத்துக்கொண்டு, கன்னடத்தில் இது எந்தச் சூட்டில் இருக்கிறது என்று கேட்டார். பாவம், சஹனா வெப்பமானி தேடப் போய்விட்டார். திரும்பி வந்து எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது.

பிறகு மேடம் குடித்தார்.

இருமலுக்காகக் காத்திருந்தோம். தங்கவேல் ஐயா என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்திருந்தார், அவருக்கே தெரியாமல். இருமல் வரவில்லை. தண்ணீர் தப்பான வழியில் போயிருந்தால் குரலில் ஈரம் தட்டும், ஏதாவது சொல்லுங்கள் என்றார் சஹனா.

மேடம் என்னைப் பார்த்தார். "ஒண்ணை விடக் கொஞ்சம் கம்மி" என்றார். மணி போல இருந்தது குரல்.

தண்ணீர் ஒரு சென்டிஸ்டோக் என்பது இருபது டிகிரியில்தான். மைசூர் மதியத்தில் அது ஒன்றுக்குச் சற்றுக் கீழே. அந்த அறையில் அதைப் புரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான். சிரித்தேனா அழுதேனா என்று இப்போது சரியாக நினைவில்லை.

அனுமதி கிடைத்த மறு வாரம் அவர் ஒரு விருந்து வைத்தார். ஆய்வகத்தில் எல்லோரையும் அழைத்திருந்தார், சஹனாவையும். சாப்பாடு பெயருக்குத்தான். மேசையில் வரிசையாக எவர்சில்வர் செம்புகள். ஒன்றில் வீட்டுக் குழாயின் காவிரி, ஒன்றில் தம்பி கொண்டுவந்த கௌதள்ளிக் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் கோபிநத்தத்திலிருந்து உறவினர் யாரோ அனுப்பியது, ஒன்றில் எங்கள் ஆய்வகத்துச் சுத்திகரிப்புக் கருவியின் தண்ணீர். கிணறுகளின் தண்ணீரையெல்லாம் தங்கவேல் ஐயா முந்தைய நாளே கொதிக்கவைத்து ஆறவைத்திருந்தார். எல்லாரும் குடித்துப் பார்த்து எது எது என்று சொல்ல வேண்டும். எங்கள் மேலாளர் ஆய்வகத் தண்ணீரைக் கிணற்றுத் தண்ணீர் என்று புகழ்ந்தார். சஹனா நான்கையும் சரியாகச் சொன்னார். சாப்பாடே வேண்டாம் என்பதுபோல வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் எது சிறந்த தண்ணீர் என்று இரு மொழிகளில் சண்டை போட்டோம். மேடம் ஒவ்வொரு செம்பிலிருந்தும் சின்னச் சின்ன மடக்காகக் குடித்தார், மோவாயைத் தாழ்த்தி, சொல்லிக்கொடுத்தபடி. தங்கவேல் ஐயா எதிரே உட்கார்ந்து கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் அவர் இருந்தார். வேலைக்குத் திரும்பவில்லை. ஆனால் சிக்கலான பழைய கையேடு எதுவும் வந்தால் நான் படம் பிடித்து அனுப்புவேன். ஐந்து நிமிடத்தில் விடை வரும், கூடவே அந்த இயந்திரத்தின் குணநலன்களைப் பற்றி ஏதாவது கேலியும்.

செவ்வாயன்று நான் மேட்டகள்ளிக்குப் போனபோது கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலையில் மல்லிகை. பக்கவாதம் இரண்டாவது முறையாகத் தாக்கியது, நொடியில் முடிந்துவிட்டது என்றார்கள். தங்கவேல் ஐயா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

காலையில் அவர் இதே படியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாராம். உள்ளே மேடம் எழுந்து சமையலறைக்குப் போனது தெரிந்ததாம். செம்பிலிருந்து டம்ளரில் ஊற்றுகிற சத்தம், பிறகு குடிக்கிற சத்தம். தேங்காய் வாங்க வேண்டும் என்று மேடம் அங்கிருந்தே சொன்னாராம். இவர் சரி என்றாராம். அவ்வளவுதான்.

"முன்னெல்லாம் அவ தண்ணி குடிச்சா நான் எதுத்தாப்புல உக்காந்து கழுத்தையே பாத்துட்டு இருப்பேனுங்களே கண்ணு. ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு உசுரு போயிட்டு வரும்." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "எப்ப அதை உட்டேன்னே தெரியலை. இன்னிக்குத் திரும்பிக்கூடப் பாக்கலை. பேப்பரைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

அவர் அதைக் குறையாகத்தான் சொன்னார். அதைக் குறையாக என்னால் கேட்டுக்கொள்ள முடியவில்லை. ஆனால் அந்தப் படியில் வைத்து அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன், அவர் படிப்பார்.

மேடம், யாரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்காத ஒரு காலையில், நின்றபடி, ஒரு டம்ளர் முழுக்கத் தண்ணீர் குடித்தீர்கள். வீட்டில் ஒருவரும் பயப்படவில்லை. நல்லபடியாகப் போய் வாருங்கள்.